ஓடுவதற்கு வைத்திருந்த வலை

போன மாதம் உறவினர் வீட்டு விருந்தொன்றில் பேச்சு எப்படியோ ஆபிரிக்காவுக்குப் போய்விட்டது. அங்கே சில வருடம் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர், சாம்பியாவின் பங்வேலு ஏரிப் பக்கத்தில் மலேரியாவுக்கென்று இலவசமாகக் கொடுத்த நுளம்பு வலைகளைச் சனங்கள் ஒன்றோடொன்று தைத்து மீன் பிடிக்கிறார்கள் என்று சொன்னார். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "சும்மா குடுத்தா அப்பிடித்தான்" என்றார் ஒரு பெரியவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. பேச்சு அடுத்ததாகக் காணி விலைக்குப் போனது. எனக்குத்தான் அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அந்தப் பெரியவர் சொன்னதையே இருபது வயதில் நானும் ஒரு படிவத்தில் எழுதியிருக்கிறேன். "தவறான பயன்பாடு." இரண்டே சொல். எழுதி முடித்துக் கால் மணி நேரத்துக்குள் அதை வெட்டவும் செய்தேன். அந்தக் கால் மணி நேரம் இன்றுவரை என்னை விடவில்லை. அன்று மேசையில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்

1995 ஐப்பசி முப்பதாம் திகதி இரவு வலிகாமத்தில் இருந்தவர்களுக்கு நான் எதுவும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்து ஊர்கள் ஒரே இரவில் வெளிக்கிட்டன. நாங்கள் தென்மராட்சியில் ஆறு மாதம் இருந்தோம். பிறகு கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தோம். 1996 ஆடியில் கிளிநொச்சியும் ஓடத் தொடங்க, அக்கராயன் பக்கம் ஒரு பெரிய பாலை மரத்தின் கீழ் எங்கள் குடும்பம் மூன்று கிழமை கிடந்தது. எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்தில் நுளம்பு என்றால் காதில் பாடும், கடித்தால் சொறியும், அவ்வளவுதான். வன்னியில் அது வேறு பிராணி என்பதைப் பத்தே நாளில் கற்றுக்கொண்டேன்.

பின்னேரம் மூன்று மணிபோல முதுகுத்தண்டிலிருந்து ஒரு குளிர் கிளம்பும். பல்லோடு பல் அடிக்கும். அம்மாவின் சேலை, சாக்கு, தம்பியின் போர்வை, எல்லாவற்றையும் மேலே போட்டாலும் உடம்பு பாயோடு சேர்ந்து ஆடும். ஒரு மணி நேரம் கழிய அடுப்புக்குள் வைத்ததுபோல உடம்பு எரியும். அப்புறம் வியர்வை. பாய் நனைந்து, உடம்பு கழன்று, விடிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல எழும்பி விளையாடப் போவேன். நாளை மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் வரும். குளோரோகுயின் குளிசையை அம்மா வாழைப்பழத்துக்குள் ஒளித்துத் தருவார், நாக்கு கண்டுபிடித்துவிடும். அந்தக் கசப்பு தொண்டையில் இரண்டு நாள் நிற்கும். வவுனியாவைத் தாண்டி மருந்து வருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. குளிசை கிடைத்த பிள்ளைகளில் நான் ஒருத்தி. ஒரே வருடத்தில் மூன்று முறை படுத்தேன். வைவாக்ஸ் என்ற மலேரியா வகை ஈரலுக்குள் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்தும் எழும்பும் என்பதெல்லாம் பின்னாளில் படித்து அறிந்தது. அப்போது எங்களுக்கு அது தீராத சாபம்.

எங்களிடம் ஒரு வலை இருந்தது. அம்மாவின் சீதன வலை, வெள்ளைப் பருத்தி. வீட்டை விட்டு வெளிக்கிட்ட இரவில் அம்மா நகைக்கு அடுத்ததாக மூட்டையில் வைத்தது அதைத்தான். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பாலை மரத்தின் கீழே வலை கட்ட நான்கு மூலை எங்கே இருக்கும்? அம்மா பழைய சேலையின் கரையை நீளமாகக் கிழித்து, இரண்டு முனையை மரக்கொப்பிலும், ஒன்றை அப்பாவின் சைக்கிள் ஹாண்டிலிலும், மற்றதை நிலத்தில் நட்ட தடியிலும் கட்டுவார். அந்தக் குடைக்குள் நாங்கள் மூன்று பிள்ளைகள். அம்மாவும் அப்பாவும் வெளியே. அப்படியிருந்தும் எனக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து ஊட்டாத வெறும் வலை அது. நான் தூக்கத்தில் முழங்காலை நீட்டி வலையில் முட்டிக்கொண்டு படுப்பேன். நுளம்பு வெளியே இருந்தபடியே துணிக்குள்ளால் குத்திவிட்டுப் போய்விடும். விடிய எழும்பினால் முழங்காலில் வரிசையாகத் தடிப்பு இருக்கும்.

மருந்து ஊட்டிய வலை

சமாதான காலத்தில், ஆழிப்பேரலைக்குப் பிந்தைய வருடம், ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பணியாளராகச் சேர்ந்தேன். வேலைக்கு முன் இரண்டு நாள் பயிற்சி. அங்கேதான் பொலித்தீன் பைக்கற்றிலிருந்து எடுத்து விரித்த நீல நிற வலையை முதன்முதலில் தொட்டேன். ஒருவித மருந்து வாசம், கொஞ்சம் வழுவழுப்பு. முதல் நாள் அதற்குள் படுத்தவர்களுக்கு முகம் மெல்லக் கூசும், தும்மல் வரும், ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டால் சரியாகிவிடும் என்றார்கள். சவர்க்காரம் போட்டு மெதுவாக அலசலாம், வெயிலில் காயப்போடக் கூடாது. வெயில் மருந்தைத் தின்றுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது அது வேலை செய்கிற விதம். நாங்கள் விடும் மூச்சும் உடம்புச் சூடும் நுளம்புக்கு வழி காட்டுகின்றன. படுத்திருக்கிற ஆளைத் தேடி அது வலையில் வந்து உட்காருகிறது. ஓட்டை தேடி மேலும் கீழுமாக நடக்கிறது. அந்த நடையில் அதன் கால்களில் மருந்து ஒட்டுகிறது. பைரித்திரொயிட் என்ற இனம். சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுத்த பழைய பூச்சிமருந்தைப் பார்த்து ஆய்வுகூடத்தில் செய்தது. அது நுளம்பின் நரம்பை அடங்க விடாமல் துடிக்க வைத்து விழுத்திவிடும். ஆகவே படுத்திருக்கிற பிள்ளைதான் இரை, வலைதான் பொறி. முந்தியெல்லாம் சாதாரண வலையை ஆறு மாதத்துக்கொரு தடவை மருந்துத் தண்ணீரில் தோய்த்தெடுக்க வேண்டியிருந்தது. இந்தப் புது வலையில் மருந்து நூலோடு சேர்ந்தே வருவதால் இருபது தடவை கழுவினாலும் மூன்று வருடம்போல நிற்கும்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மேற்கு கென்யாவில் அசெம்போ என்ற இடத்தில் செய்த பெரிய ஆய்வில், வலை கொடுத்த வீடுகளிலிருந்து முந்நூறு மீற்றருக்குள் இருந்த வலையில்லாத வீடுகளிலும் பிள்ளைகளின் நோயும் சாவும் குறைந்திருந்தன. பக்கத்து வீட்டு வலையில் செத்த நுளம்பு இந்த வீட்டுக்கு வராதல்லவா? சாதாரண வலைக்குள் படுத்தால், எனக்குக் கிடைக்காத கடி அடுத்த பாயில் படுத்தவருக்குப் போகும். அக்கராயனில் எங்கள் மூவருக்கும் விழவிருந்த கடிகள் வெளியே படுத்த அம்மா அப்பாவுக்கு விழுந்ததுபோல. மருந்து வலையில் அந்தக் கணக்கு மாறுகிறது. காம்பியாவில் நடந்த ஆய்வின் முடிவு 1991இல் வந்தபோதுதான் இது பிள்ளைகளின் உயிரைக் காக்கும் என்று உலகம் நம்பத் தொடங்கியது. பிறகு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழப் பாதியாகக் குறைவது தெரிந்தது. 2000க்கும் 2015க்கும் இடையில் ஆபிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியாக் காய்ச்சல்கள் 66 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வலையால் தவிர்ந்தவை. ஒரு துணித் துண்டுக்கு இது சின்னக் காரியமா?

படலையில் நின்று எழுதியது

வலை கொடுப்பது ஒரு வேலை. மூன்று மாதம் கழித்து வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அடுத்த வேலை. இது என்னுடையது. கையில் ஒரு படிவம். வீட்டில் எத்தனை பேர், எத்தனை வலை, நேற்று இரவு எத்தனை பேர் வலைக்குள் படுத்தார்கள், கடைசி நிரலில் சரியான பயன்பாடு, பயன்பாடில்லை, தவறான பயன்பாடு. ஒரு நாளைக்கு முப்பது வீடு முடிக்க வேண்டும். சைக்கிளில்.

2006 பங்குனி. முத்தையன்கட்டுப் பக்கம், குளத்து வாய்க்கால் ஓரம் ஒரு மண்வீடு. படலையைத் திறக்க முன்னமே என் கண்ணில் பட்டது, முற்றத்து ஓரத்தில் தக்காளி நாற்றுமேடைக்கு மேலே நான்கு தடி நட்டு இழுத்துக் கட்டியிருந்த நுளம்பு வலை. கோழி கிளறாமல் இருக்க. ஒரு நொடியில் எனக்கு இரத்தம் ஏறிவிட்டது. பாலை மரத்தின் கீழே சைக்கிள் ஹாண்டிலில் வலை கட்டிய என் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். இப்படி ஒன்று அப்போது எங்களுக்குக் கிடைத்திருந்தால்! இவர்கள் தக்காளிக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். படலையடியில் நின்றபடியே, சைக்கிள் சீற்றில் படிவத்தை வைத்து, கடைசி நிரலில் எழுதினேன்.

அப்போதுதான் அந்த அக்கா வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். "வாங்கோ பிள்ளை, வெயிலுக்கை நிக்காதேங்கோ" என்று கூப்பிட்டு, திண்ணையைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டார். தண்ணீர் தந்தார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, நியாயம் கேட்கிற குரலில், "ஏன் அக்கா, படுக்கத் தந்த வலையைத் தோட்டத்துக்குக் கட்டியிருக்கிறீங்கள்?" என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "அது பழசு பிள்ளை. மூண்டு வருசத்துக்கு முந்தித் தந்தது. குளத்திலை தோய்ச்சுத் தோய்ச்சுக் கிழிஞ்சு போச்சு. வாங்கோ, உள்ளுக்கை வந்து பாருங்கோ."

உள்ளே போனேன். மூன்று பிள்ளைகளின் பாய்க்கு மேலே நீல வலை தொங்கியது. பகலில் சுருட்டி முடிந்து, தலைக்கு மேலே உயர்த்தி. முடிச்சுப் போட்ட கயிறு சேலைக்கரை. அதைப் பார்த்ததுமே கையில் இருந்த படிவம் கனக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் கணக்கு உதைத்தது. ஐந்து பேர் வீட்டுக்கு நாங்கள் கொடுத்தது இரண்டு வலை. "மற்றது?"

அக்கா மூலையில் இருந்த ஒரு பயணப் பையை இழுத்தார். ஸிப்பைத் திறந்தார். மேலே பிறப்புச் சான்றிதழ்கள் பொலித்தீனில் சுற்றி இருந்தன. அதற்குக் கீழே பிள்ளைகளின் உடுப்பு மூன்று சோடி, ஒரு தறப்பாள், நெருப்புப் பெட்டி. அதற்கும் கீழே பிரிக்காத பைக்கற்றில் நீல வலை.

"இது ஓடேக்கை கொண்டு போறதுக்கு."

நான் பேசாமல் நின்றேன். 2006 பங்குனியில் வன்னியில் இருந்தவர்களுக்கு அந்தப் பை தெரியும். சண்டை தொடங்கவில்லை, ஆனால் தொடங்கப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பைக்கற்றுக்குள் வெயிலும் படாமல் தண்ணியும் படாமல் இருந்தால் மருந்து கெடாதுதானே என்று அக்காதான் என்னிடம் கேட்டார். சரிதான் என்றேன். பயிற்சியில் எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"நீங்களும் அண்ணையும் எதுக்கை படுக்கிறீங்கள்?"

"நாங்கள் வேப்பிலைப் புகை போட்டிட்டு விறாந்தையிலை படுப்பம்." கொஞ்ச நேரம் ஸிப்பை மூடாமல் வைத்திருந்தார். பிறகு சொன்னார். 97இல் மல்லாவிப் பக்கம் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது நான்கு வயதுப் பிள்ளை ஒன்று. இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் வலிப்பு. மூளை மலேரியா என்றார்களாம். "அந்த முறை எல்லாம் எடுத்தனாங்கள் பிள்ளை. ஆட்டுக்கல்லுக்கூட எடுத்தனாங்கள். இதைத்தான் எடுக்கேல்லை." அவ்வளவுதான் சொன்னார். வலையை மறுபடி அடியில் வைத்து, உடுப்பை அடுக்கி, சான்றிதழை மேலே வைத்து, ஸிப்பை இழுத்தார்.

திண்ணைக்கு வந்து, அவருக்கு முன்னாலேயே அந்த இரண்டு சொல்லையும் வெட்டினேன். ஓரத்தில் எழுதினேன்: வலை மூன்று. ஒன்று பிள்ளைகளுக்கு. ஒன்று பழையது, தோட்டத்தில். ஒன்று பயணப் பையில். பின்னேரம் மேற்பார்வை செய்த அண்ணா அதை இரண்டு தரம் வாசித்தார். நல்ல மனிதர். "இதை நான் எந்த நிரலிலை கூட்டுறது தங்கச்சி?" என்றார். அப்படி ஒரு நிரல் இல்லை. அறிக்கையில் அந்த வலை "பயன்பாடில்லை" என்றே போனது.

எல்லா வலையும் தக்காளிக்கு மேலே இல்லை

இதைச் சொன்னதால், வலை எங்கே போனாலும் பரவாயில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மீன்பிடி விடயம் உண்மையான துன்பம். நுளம்பு வலையின் கண் அவ்வளவு சிறியது, குஞ்சும் தப்பாது. அடுத்த வருடத்து மீனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதில் இருக்கிற மருந்து மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது என்றாலும் மீனுக்கு நஞ்சு. புது வலையை ஏரியில் இறக்கினால் இரண்டு பக்கமும் இழப்பு. ஆனால் விக்ரோரியா ஏரியின் கென்யக் கரையில், நெத்தலிபோன்ற ஒமேனா மீனை நுளம்பு வலையில் பரப்பிக் காயவைப்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மண்ணில் காய்ந்த மீனுக்கு விலை குறைவு. அதை வாசித்தபோது எனக்கு அந்த நாற்றுமேடைதான் வந்தது. அந்தக் கரையில் வலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிற பெண்ணிடம், இது எத்தனையாவது வலை, வீட்டுக்குள்ளே என்ன தொங்குகிறது, இன்று இரவு உலையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் சிரிக்க எனக்கு மனம் வராது. பசிக்கிற பிள்ளைக்கும் காய்ச்சல் வரப்போகிற பிள்ளைக்கும் இடையில் ஒரு தாய் தெரிவு செய்ய வேண்டியிருப்பது வலை கொடுத்தவர்களின் தோல்வியா, வாங்கியவரின் குற்றமா என்பதைச் சாப்பாட்டு மேசையில் ஒரு வரியில் தீர்க்க முடியாது.

வலைக்குப் பொருந்தாத இரவுகளும் இருக்கின்றன. வன்னியில் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் வலைக்குள் காற்று நுழையாது. மருந்து வலையென்றாலும் ஆண்கள் வெளியே கட்டிலைப் போட்டுவிடுவார்கள். எங்கள் ஊர் மலேரியா நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். பொழுதுபட்டு, சனங்கள் இன்னும் பாய்க்குப் போகாத நேரத்திலேயே அது வெளிக்கிட்டுவிடும். காட்டுக்கு விறகுக்கும் வேட்டைக்கும் போகிறவர் வலையைத் தோளில் கொண்டு திரிவாரா? அதனால்தான் இலங்கையில் மலேரியா போனதற்கு வலையை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். வீட்டுச் சுவருக்கு மருந்தடித்தவர்கள், காட்டோரக் கிராமத்துக்கு வாகனத்தில் போய் விரல் குத்தி இரத்தம் எடுத்தவர்கள், சண்டைக்கு நடுவிலும் இரண்டு பக்கமும் அனுமதி கேட்டு மருந்து கொண்டு போனவர்கள், எல்லாருடைய வேலையும் அது. 1999இல் நாட்டில் 264,549 பேருக்கு மலேரியா. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஐப்பசியில். 2016 செப்ரெம்பர் 5இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்தது. அன்று செய்தியைப் பார்த்துவிட்டு நான் தனியாக இருந்து அழுதேன். மூன்று இலட்சம் பேர்வரை முகாம்களில் அடைபட்டிருந்த 2009இல்கூடப் பயந்த அளவுக்குப் பெரிய பரவல் வரவில்லை. அந்த முகாமில் எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரங்களில் நீல வலை தொங்குவதைக் காணும்போதெல்லாம், அது ஒரு பையின் அடியிலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றும்.

போனது திரும்பி வராது என்பதும் இல்லை. 1963இல் நாடு முழுக்கப் பதினேழே பேர் என்ற நிலைக்கு வந்தோம். முடிந்தது என்று கையை எடுத்தோம். 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. சான்று வந்த அதே வருடக் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற, நாட்டுக்குப் புதிய மலேரியா நுளம்பு இனத்தைக் கண்டுபிடித்தார்கள். கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகுகிற, பட்டணத்துக்குப் பழகிய இனம். பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு ஒவ்வொரு வருடமும் ஆட்கள் வருகிறார்கள். ஆபிரிக்காவில் பைரித்திரொயிட்டுக்குப் பழகிப்போன நுளம்புகளுக்காக வேறொரு மருந்தும் சேர்த்த வலைகள் வந்திருக்கின்றன. 2023இல் உலக சுகாதார நிறுவனம் குளோர்பெனாபிர் சேர்ந்ததைப் பரிந்துரைத்தது. அதே வருடத்தில் உலகில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் மலேரியாவால் செத்தார்கள். பெரும்பாலும் ஆபிரிக்காவில், பெரும்பாலும் ஐந்து வயது ஆகாத பிள்ளைகள். மல்லாவித் தறப்பாளுக்குக் கீழே கிடந்த பிள்ளையின் வயது.

விருந்து முடிந்த கிழமை கிளிநொச்சிக்குப் போனேன். அம்மா இப்போது கல்வீட்டில் இருக்கிறார். மின்விசிறி, யன்னலுக்குக் கம்பிவலை எல்லாம் உண்டு. ஆனாலும் ஆறு மணிக்கு விளக்கு வைத்த கையோடு வலையை இறக்கிவிடுவார். அன்றிரவு மின்சாரம் போய்விட்டது. நான் படுத்தபின் டோர்ச் வெளிச்சத்தில் கட்டிலைச் சுற்றி வந்து, மெத்தைக்குக் கீழே வலை விளிம்பைச் செருகி, ஒவ்வொரு பக்கமும் உள்ளங்கையால் ஒரு தட்டு. பேசிக்கொண்டே அந்த அக்காவின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டோர்ச்சை என் காலடிக்குத் திருப்பினார்.

"முழங்கால் வலையிலை முட்டுது. உள்ளுக்கை இழு."

இழுத்துக்கொண்டேன்.